மேசையில் பூட்டிய ஸ்டீயரிங்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி. கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தம்பி, எனக்கு மச்சினன். துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தான்.

மச்சினன் பெண்டாட்டி. மீமிசல் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். எனக்குத் தங்கச்சி முறை.

வேன் முதலாளி. நான் ஓட்டும் பள்ளிக்கூட வேன் அவருடையது. ஒரு சேதி சொல்ல வந்தவர் டீ குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நான்.

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி. கரண்ட் இருந்தது.

முதலாளி கொண்டு வந்த சேதி நல்ல சேதி. பள்ளிக்கூடத்தில் புது பஸ் எடுக்கிறார்கள். கோட்டைப்பட்டினம் ரூட் முழுக்க இனி ஒரே பஸ்தான். அதை யார் ஓட்டுவது என்று கேட்டார்களாம். இவர் என் பேரைச் சொல்லியிருக்கிறார். பதினைந்து நாளில் பஸ் வந்துவிடும் என்றார். நான் சரி என்றேன். உள்ளே சந்தோஷம்தான். எனக்குச் சந்தோஷத்தைக் காட்டத் தெரியாது. மனைவிக்குத் தெரியும். இரண்டாம் தடவை டீ போட்டாள்.

பெரிய லாரி ஓட்டியவன் நான். மீன் லோடு, ஐஸ் லோடு. அதை விட்டுப் பள்ளிக்கூட வேனுக்கு வந்து ஆறு வருஷம். மறுபடி பெரிய ஸ்டீயரிங் பிடிக்க ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

மச்சினன் துபாயில் ஒரு பெரிய கடைக்கட்டடத்தில் வேலை பார்க்கிறான். அங்கே பிள்ளைகள் விளையாடும் கூடம் ஒன்று உண்டு. கார் ஓட்டும் மிஷின்கள் வரிசையாக நிற்குமாம். சீட்டு, ஸ்டீயரிங், பெடல், முன்னால் டி.வி. காசு போட்டால் ரோடு ஓடும். இவனுக்கு வேலை அந்த மிஷின்களைத் துடைப்பது. ஒன்பது வருஷம் துடைத்திருக்கிறான். ஒரு தடவைகூட உட்கார்ந்து ஓட்டியதில்லை. வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது என்று அங்கே சட்டம்.

கூட ரூமில் இருந்த ஒருத்தன் ஊருக்குப் போகும்போது ஒரு ஸ்டீயரிங்கையும் பெடலையும் விட்டுப் போனான். கம்ப்யூட்டரில் மாட்டி விளையாடுவது. இவன் அதைச் சுமந்துகொண்டு விமானம் ஏறிவிட்டான். அந்தச் சுமைக்காக என்னென்னவோ விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

'தைலமும் சோப்பும் வரும்னு பாத்தா, பய வண்டியில்லாம ஸ்டீயரிங்க மட்டும் கொண்டாந்துருக்கான்,' என்றாள் என் மனைவி. வந்த நாளிலிருந்து அவனை அப்படித்தான் கேலி செய்தாள். அவன் சிரித்துக்கொள்வான்.

தங்கச்சி ஜெராக்ஸ் கடையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அந்தப் பெரிய மிஷினில் ஓடும் விளையாட்டை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஓட வைக்க ஒரு சாப்ட்வேர் உண்டாம். எமுலேட்டர் என்றாள். இது மிஷின் இல்லை, ஆனால் மிஷின் மாதிரி நடிக்கும், விளையாட்டுக்கு வித்தியாசம் தெரியாது என்றாள். காசு போடுவதற்குக்கூட ஒரு பொத்தான் இருந்தது. ஐந்தாம் நம்பரை அழுத்தினால் காசு விழுந்த சத்தம் கேட்கும். மச்சினன் அதை நாலைந்து தடவை அழுத்தி அழுத்திக் கேட்டான்.

எங்கள் வீட்டு முன்ரூம் பெரியது. அதனால் அங்கே வைத்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு. பழைய வேனை உடைக்கக் கொடுத்தபோது டிரைவர் சீட்டை நான் கழற்றி வைத்துக்கொண்டேன். கொல்லையில் கிடந்தது. அதைத் தூக்கி வந்து கழுவிப் போட்டோம்.

ஸ்டீயரிங்கை மேசையில் பூட்டுவதற்குக் கீழே இரண்டு பிடி உண்டு. திருகினால் இறுக வேண்டும். எங்கள் மேசைப்பலகை மெலிசு. இறுகவில்லை. நான் டியூப் வெட்டி இடையில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டது.

பெடல் வழுக்கியது. தரை டைல்ஸ். அழுத்த அழுத்தப் பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. வேன் சக்கரத்துக்கு அணை கொடுக்கும் கட்டை வெளியே கிடந்தது. எடுத்து வந்து சுவருக்கும் பெடலுக்கும் நடுவில் வைத்தேன். அசையவில்லை.

மச்சினன் போதும் என்றான். நான் விடவில்லை. சீட்டு பள்ளமாக இருந்தது. நாலு செங்கல் வைத்து ஏற்றினேன். வேனில் சீட்டு விளிம்பிலிருந்து பிரேக் எத்தனை சாண் என்று எனக்குத் தெரியும். அதே சாண் வைத்தேன். ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் எவ்வளவு என்று பார்த்து வைத்தேன். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே விரல் வைத்து அளந்தேன். வேனில் எவ்வளவோ இதிலும் அவ்வளவு. அரை மணி நேரம் ஆனது.

முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். 'எப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டப் போறீங்களா டிரைவரே?' என்றார்.

'ஒக்காந்தா வேன் மாதிரியே இருக்கணும்ல,' என்றேன்.

அப்படித்தான் இருந்தது. கண்ணை மூடி உட்கார்ந்தால் வேன்தான். அதை நானே செய்தேன். வேறு யாரும் செய்யவில்லை. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டருக்குப் பெடலைப் பழக்க வேண்டும் என்றாள் தங்கச்சி. முழுசாக அழுத்திக் காட்ட வேண்டும். முழுசாக விட்டுக் காட்ட வேண்டும். அழுத்தியதை நூறு என்றும் விட்டதைப் பூஜ்யம் என்றும் அது எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு பெடலுக்கும், கம்ப்யூட்டரை மாட்டிய டி.வி.யில் ஒரு பச்சைக் கோடு. அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். பக்கத்தில் நம்பர்.

யார் முதலில் என்று வந்தது. மச்சினன் என்னைக் கைகாட்டினான். 'டிரைவர் இருக்கையில நாம எதுக்கு? மச்சான் ஒக்காருங்க.'

உட்கார்ந்தேன். வெறுங்கால்தான். வீட்டில் செருப்பு கிடையாது. வேனிலும் நான் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் வைத்துவிட்டுத்தான் ஓட்டுவேன். லாரியிலிருந்தே அப்படி. வெறுங்காலுக்குத்தான் வண்டி சொல்வது தெரியும் என்று நினைப்பவன்.

அழுத்துங்க என்றாள். அழுத்தினேன். விடுங்க என்றாள். விட்டேன். அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். எழுதிக்கொண்டது என்றாள். பிரேக்கும் அப்படியே. கிளட்ச் இந்த விளையாட்டுக்கு வேண்டாமாம்.

ஐந்தாம் நம்பர். காசு விழுந்தது. ரோடு வந்தது.

நன்றாக ஓட்டினேன். ரோட்டில் மற்ற கார்கள் குறுக்கே வந்தன. இடம் கொடுத்து எடுத்தேன். கடலோரமாக ஒரு ரோடு, எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை போல. வளைவில் பிரேக்கில் வைத்தால் நின்று திரும்பியது. டயம் முடிவதற்குள் முடிவுக் கோட்டைத் தொட்டேன். முதலாளி கை தட்டினார். பஸ்ஸுக்கு ஆள் சரிதான் என்றார். மனைவி அவரைக்காயிலிருந்து தலை தூக்கிப் பார்த்தாள்.

அப்புறம் மச்சினன் உட்கார்ந்தான். ஒன்பது வருஷ ஆசை. காசு போட்டான். காலை வைத்தான். கார் நகரவில்லை.

'இன்னும் அமுத்துங்க,' என்றாள் தங்கச்சி.

பாதிக்குப் பக்கம் போனதும் கார் எகிறியது. நேரே போய்ச் சுவரில் இடித்தது. விட்டான், மறுபடி வைத்தான். மறுபடி நகரவில்லை. பிறகு எகிறியது. பெடலில் பிளே இருக்கு என்றேன். மிதித்தும் வேலை செய்யாத இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தங்கச்சி உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கும் அதே. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கும் அதே. கார் நின்றது, எகிறியது, இடித்தது. அவர் எழுந்து, தனக்கு லைசென்ஸ் இல்லை என்பதை இப்படியா காட்டிக் கொடுக்க வேண்டும் என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நான் மறுபடி உட்கார்ந்தேன். எனக்குச் சரியாக ஓடியது. காலை வைத்ததும் போனது.

'மிதிக்கத் தெரியணும் மாப்ள,' என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன். இன்றைக்கும் காதில் இருக்கிறது.

மச்சினனுக்கு முகம் வாடிவிட்டது. இவ்வளவு தூரம் தூக்கி வந்தது பழுதா என்று. கழற்றிப் பார்க்கலாம் என்றேன். வேன் ஸ்குரு டிரைவர் பெரிசு. தையல் மிஷின் ஸ்குரு டிரைவர் சரியாக இருந்தது. பெடலைக் கவிழ்த்தோம். அடித்தகட்டில் ஆறு ஸ்குரு. கழற்றினோம். உள்ளே சுருள் கம்பி, ஒரு சின்னப் பல் சக்கரம், அது திருப்பும் ஒரு சின்ன டப்பி. அந்த டப்பிதான் எவ்வளவு மிதித்தோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதாம். தூசு பெரிதாக இல்லை. துடைத்தோம். சுருள் கம்பியை இழுத்துப் பார்த்தேன். நல்ல வலுவாக இருந்தது.

அப்போது முதலாளி சொன்னார், 'இதுக்கும் ஸ்பிரிங் மாத்தச் சொல்லுவீங்களே.'

அது ஒரு பழைய விஷயம். வேனில் காலை எடுத்தாலும் ஆக்சிலேட்டர் மேலே திரும்பவில்லை என்று இந்த வருஷம் இரண்டு தடவை அவரிடம் சொல்லியிருக்கிறேன். பிரேக் பிடித்தால் வண்டி முன்னால் தள்ளுகிறது என்று சொன்னேன். அறந்தாங்கியிலிருந்து மெக்கானிக் வந்தார். ஸ்பிரிங் மாற்றினார். மறுபடி சொன்னேன். மறுபடி மாற்றினார். கேபிளும் மாற்றினார். இரண்டாம் தடவை அவர் முதலாளியிடம், வண்டியில் ஒன்றும் இல்லை, டிரைவர் சொல்கிறார் என்று மாற்றுகிறேன் என்று சொன்னாராம். முதலாளி என்னைத்தான் நம்பினார். மெக்கானிக்குக்குத் தெரியாதது டிரைவருக்குத் தெரியும் என்றார்.

அதை வைத்துத்தான் அன்று கேலி பேசினார். எல்லோரும் சிரித்தோம். நானும்.

திரும்பப் பூட்டும்போது ஐந்து ஸ்குருதான் இருந்தது. ஒன்றைக் காணோம். சீட்டுக்கடியில் பார்த்தோம், அவரைக்காய்த் தோலைக் கிளறிப் பார்த்தோம். மச்சினன் படுத்துக்கொண்டு மேசைக்கடியில் தடவினான். கிடைக்கவில்லை. ஐந்து போதும் என்று பூட்டினேன்.

மறுபடி பெடலைப் பழக்க வேண்டும். இந்தத் தடவை தங்கச்சி கீழே உட்கார்ந்து கையாலேயே அழுத்தினாள். அழுத்தினாள், விட்டாள். எழுதிக்கொண்டது.

மச்சினன் உட்கார்ந்தான். காலை லேசாக வைத்தான். கார் லேசாகப் போனது. அழுத்தினான். வேகமாகப் போனது. விட்டான். நின்றது. நாலு தடவை காசு போட்டு ஓட்டினான். முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது. தங்கச்சியும் ஓட்டினாள். முதலாளிகூட ஒரு வளைவைத் தாண்டினார். சுத்தம் செய்தது சரியாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

பிறகு நான் உட்கார்ந்தேன்.

கார் கிளம்பியது. முதல் வளைவு வந்தது. பிரேக்கில் வைத்தேன். கார் நிற்கவில்லை. சத்தம் மட்டும் கூடியது. இழுத்துக்கொண்டே போய்ச் சுவரில் இடித்தது. மறுபடி எடுத்தேன். அடுத்த வளைவிலும் அதே. டயம் முடிந்தது. மறுபடி காசு. மறுபடி அதே வளைவு, அதே சுவர்.

மூன்று தடவை. யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு ஆள் சரி என்று சொன்னவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெடல் மறுபடி கெட்டுவிட்டது என்றேன். ஆக்சிலேட்டர் திரும்பவில்லை. வேனில் சொன்ன அதே வார்த்தை.

தங்கச்சி விளையாட்டை நிறுத்திவிட்டுப் பச்சைக் கோட்டைப் போட்டாள். அண்ணே காலை எடுங்க என்றாள்.

எடுத்தேன். மேசைக்கடியில் கால் தெரியாது. டி.வி.தான் தெரியும். கோடு இறங்கியது. பாதியில் நின்றது. பக்கத்தில் நம்பர் முப்பத்தெட்டு.

'முழுசா எடுங்கண்ணே.'

'எடுத்துட்டேன்மா.'

முப்பத்தெட்டு.

'பெடல்தான் ஒட்டுது,' என்றேன். 'உள்ள எங்கயோ சிக்குது. நாம பூட்டுனது சரியில்ல.'

மச்சினன் குனியப் போனான். அதற்குள் என் மனைவி பேசினாள். அவள் கீழே உட்கார்ந்திருந்தாள். மேசைக்கடி அவளுக்கு நேரே தெரியும்.

'ஏங்க, காலு அதுமேலதான் இருக்கு.'

'இல்லடி. எடுத்துட்டேன்.'

'இருக்குங்க.'

எனக்குக் கோபம் வந்தது. முதலாளி முன்னால் இவள் ஏன் இப்படி. நான் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு அப்படியே நின்றது. பிறகு அது பூஜ்யமானது. கோடு கீழே போய்விட்டது.

பாத்தியா, இப்ப சரியாயிருச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

யாரும் டி.வி.யைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேசைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன்.

என் மனைவி என் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வைத்திருந்தாள்.

எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பிடித்ததே தெரியாது. கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பார்த்த பிறகும் பிடித்திருப்பது மாதிரி இல்லை. வேறு யாருடைய காலையோ பிடித்திருப்பது மாதிரி இருந்தது.

அவள் காலைத் திருப்பினாள். உள்ளங்காலைப் பார்த்தாள்.

குதிகாலுக்கு முன்னால் அந்த ஆறாவது ஸ்குரு இருந்தது. தலை மட்டும் வெளியே. சுற்றி ரத்தம் கொஞ்சமாகக் காய்ந்திருந்தது. அதோடுதான் வீடு முழுக்க நடந்து அந்த ஸ்குருவைத் தேடியிருக்கிறேன். அதோடுதான் மூன்று தடவை ஓட்டியிருக்கிறேன்.

மச்சினன் பிடுங்கினான். ரத்தம் வந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அந்த ஸ்குருவைப் பார்த்தேன். என் முகத்தில் காட்ட ஒன்றும் இல்லை. வலித்தால்தானே.

சர்க்கரை எனக்கு ஒன்பது வருஷமாக இருக்கிறது. மாத்திரை போடுகிறேன். சில நாள் போட மாட்டேன். கால் கொஞ்சம் மதமதவென்று இருக்கும். உட்கார்ந்தே இருக்கும் வேலை, அதனால் என்று விட்டுவிட்டேன். பங்குனியில் ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றேன். இன்னொன்று எங்கே கழன்றது என்று தெரியவில்லை. மனைவி கேட்டாள். அறுந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வேறு என்ன நடந்திருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை.

தங்கச்சி பழைய துணியைக் கிழித்துக் கட்டினாள். முதலாளி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

'டிரைவரே. வேன்லயும் இதேதானா?'

நான் மறைத்து வைத்ததில்லை. அப்போதுதான் எனக்கும் அது வந்து சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஸ்பிரிங். ஒரு கேபிள். மெக்கானிக் சொன்னது. முதல் தடவை கம்ப்யூட்டருக்கு நான் விட்டுக் காட்டியது விட்டதே இல்லை. முப்பத்தெட்டில் காலை வைத்துக்கொண்டு அதைத்தான் பூஜ்யம் என்று எழுத வைத்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு மட்டும் சரியாக ஓடியது. மற்றவர்களுக்கு ஓடவில்லை. பிரேக்கை மிதித்தபோதும் பாதத்தின் ஓரம் ஆக்சிலேட்டர் மேலேயே கிடந்திருக்கிறது, வேனிலும் அப்படித்தான். மிதிக்கத் தெரியணும் மாப்ள.

வேனில் ஆயா ஒருத்தி வருவாள், பிள்ளைகளை ஏற்றி இறக்க. கோட்டைப்பட்டினத்தில் கடைசி ஸ்டாப்பில் சொல்வாள், அண்ணே தள்ளி நிறுத்திட்டீங்க என்று. தினமும் சொல்வாள். நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு முழம் போய்த்தான் நிற்கும். அங்கே பிள்ளைகள் ரோட்டோரம் நின்றுகொண்டிருக்கும். வேனைப் பார்த்ததும் முன்னால் வரும். நான் வண்டியைத் திட்டியிருக்கிறேன். பிள்ளைகளையும் திட்டியிருக்கிறேன், ஏன் முன்னால வர்றீங்க என்று.

அது அப்போது கண் முன்னால் வந்தது. பிறகு போகவில்லை.

மச்சினன்தான் பேசினான். 'மச்சான், இது சும்மா வெளையாட்டு. இத வச்சு எதையும் நெனைக்காதீங்க. பிளாஸ்டிக் சாமான். அது காட்டுற நம்பரு சரியா தப்பான்னு யாருக்குத் தெரியும்?'

நல்ல பையன். தான் கொண்டு வந்த சாமானைத் தானே குறை சொன்னான், எனக்காக.

'நம்பரு சரிதான் மாப்ள,' என்றேன். 'வேன் அளவுல வச்சது நான்.'

எழுந்தேன். வேன் சாவி ஆணியில் தொங்கியது. எடுத்து வந்து மேசையில் வைத்தேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில்.

முதலாளி உடனே எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், ஒரு வாரம் மருந்து சாப்பிட்டால் சரியாகும், அதுவரைக்கும் யாரையாவது போட்டுக்கொள்கிறேன் என்றார். பஸ்ஸுக்குப் பதினைந்து நாள் இருக்கிறது என்றார். பஸ் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தார் போல.

'அய்யா, நாளைக்கிக் காலையில யாரு எடுப்பா?' என்றேன். எனக்கு அது ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் தங்கை மகன் அறந்தாங்கியில் இருக்கிறானாம், ஹெவி லைசென்ஸ் உண்டாம், இன்றைக்கே வரச் சொல்கிறேன் என்றார். ஸ்டாப்பெல்லாம் அவனுக்குத் தெரியாது என்றேன். ஆயாவுக்குத் தெரியும் என்றார். சரி என்றேன். கடைசி ஸ்டாப்பில் பிள்ளைகள் முன்னால் வரும், பத்தடி முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். சாவியை எடுத்து உள்பையில் போட்டுக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். என் தோளில் கை வைத்தார். அந்தக் கை எனக்குத் தெரிந்தது. தோள் நன்றாகத்தான் இருக்கிறது.

அவர் போன பிறகு மனைவி அடுப்படிக்குப் போனாள். சமைத்தாள். சோறு போட்டாள். சாப்பிட்டேன். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து காலைக் கழுவினாள். சூடா இருக்கா என்று கேட்டாள். பார்த்துச் சொன்னேன், ஆவி இல்லையே, பச்சைத் தண்ணிதானே என்று. அவள் சொம்பை என் கையில் கொடுத்தாள். கை பொறுக்கும் சூடு. ஆனால் சூடு.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

'நீங்க இத்தன நாளா எங்க வச்சிருந்தீங்க கால?' என்றாள்.



சாயங்காலம் மச்சினன் கம்ப்யூட்டரைக் கழற்ற ஆரம்பித்தான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். லீவு முடியும் வரைக்கும் ஓட்டு என்றேன். எனக்கு அந்த ஸ்டீயரிங் மேல் கோபம் இல்லை. அது உள்ளதைச் சொன்னது. மெக்கானிக்கும் சொன்னார். ஆயாவும் தினம் சொன்னாள். இது நம்பராகச் சொன்னது. அவன் கேட்கவில்லை. ஒயரைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டான்.

திங்கள்கிழமை காலை ஏழே காலுக்கு வேன் சத்தம் கேட்டது. எங்கள் தெருமுனையில் திரும்பும்போது முதலாளியின் தங்கை மகன் இரண்டாவது கியருக்கு மாற்றினான். கொஞ்சம் முன்னதாக மாற்றினான். பரவாயில்லை. சத்தம் போகும் வரைக்கும் நின்று கேட்டேன்.

அதன் பிறகு நானும் மனைவியும் பஸ் ஏறி அறந்தாங்கிக்குப் போனோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. மீமிசலிலிருந்து இறங்கும் வரைக்கும் அவர் காலையே பார்த்துக்கொண்டு போனேன். ஷூ போட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். சீட்டு எழுதி, ரத்தம் கொடுத்து, உட்கார்ந்தோம். பிறகு கூப்பிட்டார்கள். ஸ்குரு குத்திய இடத்தைச் சுத்தம் செய்து ஊசி போட்டார்கள். டாக்டர் அம்மா சின்ன வயசு. பெஞ்சில் படுக்கச் சொன்னார். ஒரு பேனா மாதிரிக் குச்சி, அதன் நுனியில் ஒரு மெல்லிய நரம்பு. தூண்டில் நரம்பு மாதிரி. அதை முதலில் என் கையில் தொட்டுக் காட்டினார். தெரியுதா என்றார். தெரிந்தது. கூச்சமாக இருந்தது.

இதேபோல வலது உள்ளங்காலில் தொடப்போகிறேன், பத்து இடம், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொட்டது தெரிந்தால் ம் சொல்லுங்கள் என்றார்.

கண்ணை மூடினேன்.

கவனமாக இருந்தேன். இவ்வளவு கவனமாக லைசென்ஸ் எடுக்கும்போதுகூட இருந்ததில்லை. பெருவிரலில் பட்ட மாதிரி இருந்தது. ம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நடுவில். ம் என்றேன். பிறகு விளிம்பில். அப்படி ஏழு ம் சொன்னேன். விரல் மடக்கி எண்ணிக்கொண்டே சொன்னேன். பத்தில் ஏழு. பரவாயில்லை என்று இருந்தது. பஸ் ஞாபகம்கூட வந்தது. மருந்து சாப்பிட்டால் மூன்றும் வந்துவிடும் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தேன். டாக்டர் அம்மா எழுதினார். இனி வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். நாள் கணக்கு இல்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். ஏழு சொன்னேனே அம்மா என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார்.

மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவள் தூணில் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் கண் திறந்திருந்தது. நரம்பு எங்கே பட்டது, எப்போது பட்டது, நான் எப்போது ம் சொன்னேன், எல்லாம் பார்த்திருக்கிறாள்.

கேட்டேன். நான் சொன்ன ஏழில் தொட்டபோது சொன்னது எத்தனை என்று.

அவள் பஸ்ஸைப் பார்ப்பது போல ரோட்டைப் பார்த்தாள். மறுபடி கேட்டேன். பொய் சொல்லாதே என்றேன்.

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

இரண்டு.